கருவில் தெரிந்த நீர்க்கட்டியும் 21-ஆம் நாள் வெளுத்த மலமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கருவின் கல்லீரலுக்கு அடியில் 11 மி.மீ. அளவுள்ள நீர்க்கட்டி இருப்பதாகவும், அது பித்தநாளத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்றும், குழந்தை பிறந்த பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும் என்றும் ஓசூரில் எடுத்த ஐந்தாம் மாத ஸ்கேன் அறிக்கை கூறியது. அதில் பிழையான சொல் ஒன்றும் இல்லை. ஆயினும் அந்தக் குழந்தைக்கு நேரடி பிலிருபின் (மஞ்சள் நிறமியில் கல்லீரல் பதப்படுத்திப் பித்தநீரில் விடும் பகுதி) அளவு முதன்முறையாகப் பார்க்கப்பட்டது பிறந்த 22-ஆம் நாளில்தான். அதற்கும் அந்த அறிக்கை காரணமாக இருக்கவில்லை. தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சுகாதார செவிலியர் ஒருவர் வாசற்படி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்த ஒரு பழைய வேட்டித் துணி காரணமாக இருந்தது. கருவிலேயே கண்ணில் பட்ட ஒன்று பிறந்தபின் மூன்று வாரம் எவ்வாறு மறைந்து போயிற்று என்பதையும், அதில் எங்கள் மருத்துவமனைக்கும் எனக்கும் இருந்த பங்கையும் இங்கே பதிவு செய்கிறேன். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கருவில் கண்டவை

தாய்க்கு வயது 23; முதல் கர்ப்பம். கணவர் சொந்த அத்தை மகன். ஓசூர் சிப்காட்டில் தொழிற்சாலை வேலை. சர்க்கரை, இரத்த அழுத்தம், காய்ச்சல் எதுவும் கர்ப்ப காலத்தில் இல்லை. 20 வாரம் 4 நாளில் எடுத்த ஸ்கேனில், கல்லீரலின் அடிப்பக்கத்தில், குடலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை உள்ளே நுழையும் இடத்தை (கல்லீரல் வாயில்) ஒட்டி, மெல்லிய சுவருடைய, உள்ளே தெளிந்த நீர் நிறைந்த ஒரு வட்டம் தெரிந்தது. டாப்ளரில் இரத்த ஓட்டம் இல்லாததால் அது இரத்தக் குழாயின் வீக்கம் அல்ல என்பது உறுதியாயிற்று. பித்தப்பை தனியாக, ஆனால் சிறிதாகத் தெரிந்தது. கல்லீரலுக்குள் இருக்கும் பித்தநாளங்கள் விரிந்திருக்கவில்லை.

கருவின் வலது மேல்வயிற்றில் நீர்க்கட்டி தெரிந்தால் நினைத்துப் பார்க்க வேண்டியவை பல உண்டு. முன்சிறுகுடல் அடைப்பு என்றால் இரைப்பையும் குடலும் இரண்டு குமிழிகளாகத் தெரிவதோடு, ஒன்றுக்கொன்று தொடர்பும் இருக்கும். பனிக்குட நீரும் நாளடைவில் கூடும். குடல் இரட்டிப்புக் கட்டி என்றால் சுவர் தடித்து அடுக்கடுக்காக இருக்கும். சில சமயம் அது அசைவதையும் பார்க்க முடியும். சிறுநீரகக் கட்டி பின்பக்கம் இருக்கும். கல்லீரலுக்குள்ளேயே தோன்றும் எளிய கட்டியைச் சுற்றிக் கல்லீரல் திசு இருக்கும். மிச்சம் இருப்பது கருவின் சினைப்பைக் கட்டி. இதில் நம் நாட்டு ஸ்கேன் மருத்துவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கருவின் பாலினத்தைச் சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருப்பதால், "சினைப்பைக் கட்டியாக இருக்கலாம்" என்று அறிக்கையில் எழுதுவதே பாலினத்தை எழுதியதற்குச் சமமாகிவிடும். பெண் சிசுக்களைக் காப்பதற்கென்றே தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவரப்பட்ட மாவட்டங்களுள் தருமபுரியும் ஒன்று என்பதை அறிந்தவர்கள் அந்தச் சட்டத்தின் தேவையைப் பற்றி வாதிட மாட்டார்கள். நல்லவேளையாக, பாலினத்தைத் தொடாமலேயே இதைத் தீர்க்க வழி உண்டு: சினைப்பைக் கட்டிகள் தாயின் ஹார்மோன்களின் தூண்டுதலால் பெரும்பாலும் ஏழாம் மாதத்திலும் அதற்குப் பின்னும், அடிவயிற்றில் தோன்றுபவை; ஐந்தாம் மாதத்தில், கல்லீரல் வாயிலை ஒட்டி இருப்பது அதுவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே அறிக்கை பித்தநாளத்தைச் சுட்டியது சரியே.

இதயமும் மண்ணீரலும் இயல்பான இடத்தில் இருந்தன. சிறுநீரகங்கள் இயல்பாக இருந்தன. இவற்றைப் பார்ப்பது சடங்குக்காக அல்ல. பிலியரி அட்ரீசியா எனப்படும் பித்தநாளத் துவாரமின்மை உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 10-இல் ஒன்றுக்கு மண்ணீரல் பலவாகப் பிரிந்திருப்பது, உறுப்புகள் இடம் மாறியிருப்பது போன்ற குறைகள் சேர்ந்து வரும். கல்லீரலுக்குள் நாளங்கள் விரியும் கரோலி நோயோ சிறுநீரகக் கட்டிகளுடன் சேர்ந்து வரக்கூடியது.

26-ஆம் வாரத்தில் அதே இடத்தில் மறுபடியும் ஸ்கேன் எடுத்தபோது கட்டி 13 மி.மீ. இருந்தது. கரு வளர்ந்த அளவுக்குக் கட்டி வளரவில்லை. பெங்களூரு சென்று கருவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்று ஓர் ஆலோசனை வந்தது. செலவை எண்ணிக் குடும்பம் போகவில்லை. கலைத்துவிடலாமா என்று மாமியார் கேட்டிருக்கிறார். கட்டி தனியாக இருக்கிறது, வேறு குறை எதுவும் இல்லை, அறுவையில் சரிசெய்யக்கூடியது என்று மகப்பேறு மருத்துவர் விளக்கி அந்தப் பேச்சை முடித்துவைத்தது பாராட்டத்தக்கது. அதே மருத்துவர் சொன்ன இன்னொரு சொல்தான் வீட்டில் நிலைத்துவிட்டது. பின்னாளில் அந்தத் தாய் என்னிடம் அதை அப்படியே திருப்பிச் சொன்னார்: "கட்டி பெருசாகலை, பயப்பட வேண்டாம்னு சொன்னாங்க டாக்டர்."

பெரிதாகாத கட்டி நல்ல செய்தியா

இந்த நிகழ்வின் மையம் இங்கேதான் இருக்கிறது என்பதால் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கருவில் கல்லீரல் வாயிலருகே பித்தநாளக் கட்டி தெரிந்தால் அது இரண்டில் ஒன்றாக இருக்கும். முதலாவது, கோலிடோக்கல் சிஸ்ட்: பித்தநாளம் பலூன்போல் விரிந்திருக்கும், ஆனால் பித்தநீருக்குக் குடலுக்குப் போக வழி இருக்கும். பெண் குழந்தைகளிடம் மூன்று நான்கு மடங்கு அதிகமாகக் காணப்படும் இது, மேலைநாடுகளில் லட்சத்தில் ஒன்று என்ற அளவிலும், ஜப்பான் போன்ற கிழக்கு ஆசிய நாடுகளில் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவிலும் சொல்லப்படுகிறது. கருவிலிருக்கும்போதே இது ஸ்கேனில் கண்டறியப்பட்டதாக முதல் பதிவு 1980-இல் வந்தது. தொல்லை தராத கட்டி என்றால் சில மாதம் பொறுத்து, குழந்தை எடை கூடிய பிறகு, கட்டியை முழுவதும் நீக்கிவிட்டுக் கல்லீரலின் நாளத்தைக் குடலோடு இணைக்கலாம்.

இரண்டாவது, நீர்க்கட்டியுடன் கூடிய பிலியரி அட்ரீசியா. கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் நாளம் இழைத்தழும்பாகச் சுருங்கி அடைபட்டிருக்கும்; அந்தப் பாதையின் நடுவில் எஞ்சிய ஒரு துண்டுதான் கட்டியாகத் தெரியும். பிலியரி அட்ரீசியாவில் இத்தகையது 100-இல் 5 முதல் 10 வரையே. மற்ற வகைகள் கருவில் பெரும்பாலும் தென்படுவதே இல்லை. எனவே கருவில் கண்டறிய வாய்ப்புள்ள பிலியரி அட்ரீசியா ஏறத்தாழ இது ஒன்றுதான் என்று சொல்லலாம். இங்கே பொறுத்திருக்க நேரமில்லை. அடைபட்ட நாளத்தை அகற்றிக் கல்லீரல் வாயிலோடு குடலை நேரே இணைக்கும் கசாய் அறுவை பிறந்த 60 நாட்களுக்குள் நடந்தால் பித்தநீர் வழிய வாய்ப்பு நன்றாக இருக்கும்; நாள் தள்ளத் தள்ளக் கல்லீரல் இறுகிக்கொண்டே போகும்; 90 நாள் கடந்தால் பலன் வெகுவாகக் குறையும்; அதன்பின் மாற்றுக் கல்லீரல்தான் வழி.

இவ்விரண்டையும் கருவிலேயே பிரித்தறிய முடியுமா? ஓரளவுக்கு. கோலிடோக்கல் சிஸ்ட் பெரும்பாலும் பெரிதாக இருக்கும், மாதங்கள் செல்லச் செல்ல வளரும், கல்லீரலுக்குள் நாளங்களும் விரிந்திருக்கலாம், பித்தப்பை நன்றாக நிரம்பியிருக்கும். அட்ரீசியாவின் கட்டியோ சிறிது, வளராது, உள்நாளங்கள் விரிவதில்லை, பித்தப்பை சுருங்கிக் கோணலாக இருக்கும். பித்தநீர் வந்து நிரம்பினால்தானே கட்டி வளரும்? ஆகவே, "பெரிதாகவில்லை" என்று குடும்பத்திடம் ஆறுதலாகச் சொல்லப்பட்ட அதே சொல், மருத்துவக் கணக்கில் மோசமான பக்கத்துக்குச் சாய்வது. இந்த அடையாளங்கள் ஒன்றோடொன்று கலந்தும் வருவதால், சிறிய கட்டி எல்லாம் அட்ரீசியா என்றும் பெரியது எல்லாம் சிஸ்ட் என்றும் எவரும் சத்தியம் செய்ய முடியாது. உறுதியான விடை பிறந்த பிறகுதான் கிடைக்கும். ஆனால் அந்த "பிறந்த பிறகு" என்பது எந்த நாள் என்று சொல்லப்பட்டிருக்க வேண்டும். பிறந்த மறுநாளோ மூன்றாம் நாளோ நேரடி பிலிருபின், முதல் வாரத்திலும் இரண்டாம் வாரத்திலும் மலத்தின் நிறம், இரண்டு வாரத்துக்குள் கல்லீரல் ஸ்கேன் என்று தேதி போட்டு எழுதியிருந்தால், படிக்காத பாட்டி கூட அதை நினைவு வைத்திருப்பார்.

பிறப்பும் முதல் மூன்று வாரமும்

வளைகாப்பு முடிந்து 34-ஆம் வாரத்தில் தாய் பென்னாகரம் பக்கத்திலுள்ள பிறந்த வீட்டுக்கு வந்தார். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை ஓசூரும் பென்னாகரமும் ஒரே மாவட்டம். இன்றும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் அப்படியே நடக்கிறது. மருத்துவக் காகிதங்கள் மட்டும் எல்லை தாண்டுவதில்லை. கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பிக்மி பதிவு எண் கையில் இருந்தது; அதில் தடுப்பூசியும் இரத்த அளவும் இருந்தன. கட்டியைச் சொன்ன இரண்டு ஸ்கேன் அறிக்கைகளும் ஓசூர் வீட்டு பீரோவில், ஜவுளிக்கடைப் பை ஒன்றில் தங்கிவிட்டன. கொண்டுவந்தது 33-ஆம் வாரத்தில் வேறோர் இடத்தில் எடுத்த வளர்ச்சி ஸ்கேன் மட்டுமே. தலை கீழே, நீர் போதுமானது, எடை சரி என்பதோடு அது முடிந்துவிட்டது. கல்லீரலைப் பற்றி ஒரு வரியும் அதில் இல்லை.

39-ஆம் வாரத்தில் எங்கள் மருத்துவமனையில் சுகப்பிரசவம். பெண் குழந்தை, 2.9 கிலோ, பிறந்ததும் அழுதது. வைட்டமின் கே ஊசி போடப்பட்டது. 14 மணி நேரத்தில் கருமலம் போயிற்று; நிறம் வழக்கமான கரும்பச்சை. அதைப் பார்த்து எவருக்கும் ஐயம் எழ வாய்ப்பில்லை. பிலியரி அட்ரீசியா குழந்தைகள் பலவற்றிலும் கருமலம் இயல்பான நிறத்தில்தான் இருக்கும், முதல் வாரத்து மலமும் ஓரளவு மஞ்சளாக இருந்துவிட்டுப் பிறகுதான் வெளுக்கும்.

மூன்றாம் நாள் தோலில் மஞ்சள் தெரிந்தது. மொத்த பிலிருபின் 10.8 மில்லிகிராம். ஒளிச் சிகிச்சை தேவைப்படும் அளவு இல்லை. நேரடி பிலிருபின் தனியாகக் கேட்கப்படவில்லை. அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டவன் நான். கர்ப்பத்தில் ஏதேனும் பிரச்சினை சொன்னார்களா என்று வார்டில் கேட்டபோது, தாய் "இல்லை" என்றிருக்கிறார். கட்டி பெரிதாகவில்லை என்ற பிறகு அது அவருக்குப் பிரச்சினையாகவே தோன்றவில்லை. ஸ்கேனில் ஏதாவது கட்டி, நீர் என்று சொன்னார்களா என்று நான் கேட்டிருந்தால் விடை வேறாக இருந்திருக்கும். பிலியரி அட்ரீசியா உள்ள குழந்தைக்கு நேரடி பிலிருபின் பிறந்த ஓரிரு நாளிலேயே உயர்ந்திருக்கும் என்பது தெரிந்த செய்தி. ஏற்கெனவே எடுத்த இரத்தத்திலேயே செய்யக்கூடிய பரிசோதனை அது. நான்காம் நாள் குழந்தையை வீட்டுக்கு அனுப்பினோம்.

காலையில் இளவெயில் காட்டினார்கள், மஞ்சள் குறையவில்லை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஒரு மாதம் வரை இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அதுவும் முழுப் பொய் அல்ல என்பதால்தான் அது ஆபத்தானது. 21-ஆம் நாள் வீட்டுப் பார்வைக்கு வந்த செவிலியர் எடை பார்த்தார், 3.3 கிலோ; தொப்புள் பார்த்தார்; கண்ணின் வெண்பகுதியைப் பார்த்தார். பிறகு, குழந்தை அழுக்காக்கிய துணியைக் கேட்டு வாங்கி, டியூப்லைட் வெளிச்சத்தை விட்டு வாசற்படிக்குக் கொண்டு வந்து விரித்தார். மலம், குழைத்த சுண்ணாம்பில் ஒரு துளி பால் விட்டதுபோல் சாம்பல் கலந்த வெள்ளை. அதன் ஓரத்தில் சிறுநீர் பட்ட இடம் மஞ்சள்பொடி கரைத்து ஊற்றியதுபோல் கறை. பாட்டி அவரைச் சமாதானப்படுத்தினார்: "தாய்ப்பால் மட்டுந்தானே சிஸ்டர் குடிக்குது, அதான் வெள்ளையாப் போகுது." செவிலியர் சொன்ன மறுமொழியை எங்கள் பயிற்சி மருத்துவர்களுக்கு நான் இப்போது அப்படியே சொல்லிக்கொடுக்கிறேன்: "பால் குடிச்சா மஞ்சளாத்தாம்மா போகணும். ஒண்ணுக்குத்தான் தண்ணியா, நிறமில்லாம போகணும். இங்கே ரெண்டும் மாறிப் போயிருக்கு."

ஓசூரில் இருந்திருந்தால் டயப்பர் கட்டியிருப்பார்கள். அதில் சிறுநீர்க் கறை உறிஞ்சப்பட்டுவிடும், நிறம் பிடிபடாது. பழைய வேட்டித் துணிக்கு நான் அன்று நன்றி சொன்னேன்.

ஆய்வும் அறுவையும்

22-ஆம் நாள் வெளிநோயாளிப் பிரிவில் குழந்தை நன்றாகவே இருந்தது. பால் குடித்தது, சிரித்த முகம். இந்நோயின் வஞ்சகம் அதுதான். மொத்த பிலிருபின் 8.9, நேரடி 5.6. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே நேரடி பிலிருபின் நோயின் அறிகுறி. இங்கே பாதிக்கும் மேல். பித்தநாள அடைப்பில் கூடும் ஜி.ஜி.டி. என்ற நொதி 612 என்று மிக உயர்ந்திருந்தது. ஆல்புமின் 3.4, இரத்தம் உறையும் நேரம் இயல்பு. நான்கு மணி நேரம் பால் கொடுக்காமல் வைத்து எடுத்த ஸ்கேனில் கல்லீரல் வாயிலில் 15 மி.மீ. கட்டி, சுருங்கிக் கோணிய சிறு பித்தப்பை, போர்ட்டல் சிரைக்கு முன்னால் 4 மி.மீ.க்குச் சற்று மேற்பட்ட தடிமனில் தழும்புத் திசு ஆகியவை தெரிந்தன. உள்நாளங்கள் விரிந்திருக்கவில்லை.

கட்டியைப் பற்றிச் சொன்னதும் தாய் நிமிர்ந்து பார்த்து, "அது அப்பவே இருந்துச்சே" என்றார். ஒரு மணி நேரத்தில் கணவர் ஓசூரிலிருந்து பழைய இரண்டு அறிக்கைகளையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். 11, 13, 15: கருவில் ஐந்தாம் மாதம் முதல் பிறந்த மூன்று வாரம் வரை கட்டி ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றிருந்தது.

அணுக்கதிர் ஸ்கேன் எடுத்துப் பித்தநீர் குடலுக்குப் போகிறதா என்று பார்க்கலாமா என்ற கேள்வி எழுந்தது. அதற்கு முன்பு சில நாள் மருந்து கொடுக்க வேண்டும், எடுக்கவும் வெளியூர் போக வேண்டும். வெளுத்த மலம், உயர்ந்த நேரடி பிலிருபின், வாயிலில் கட்டி என்ற மூன்றும் சேர்ந்திருக்கையில் அதன் முடிவு எதையும் மாற்றப்போவதில்லை என்பதால் வேண்டாம் என்று முடிவு செய்தோம். வைட்டமின் கே மறுபடியும் ஊசியாகப் போடப்பட்டது; பித்தநீர் குடலுக்கு வராத குழந்தைக்கு இந்த வைட்டமின் உடலில் சேராது, அதனால் மூளைக்குள் இரத்தம் கசிந்து அதுவே முதல் அறிகுறியாக வந்த குழந்தைகள் உண்டு. 24-ஆம் நாள் தொப்பூர் கணவாய் வழியாக ஆம்புலன்சில் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினோம்.

31-ஆம் நாள் அறுவை. கட்டிக்குள் மஞ்சள் நிறமே இல்லாத, தண்ணீர் போன்ற திரவம். கட்டிக்குள் மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில், மேலே கல்லீரலை நோக்கி மயிரிழை போன்ற கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. கீழே குடலை நோக்கி ஒரு துளியும் இறங்கவில்லை. நீர்க்கட்டியுடன் கூடிய பிலியரி அட்ரீசியா என்பது அந்த மேசையில்தான் உறுதியாயிற்று. இத்தகைய இடத்தில் கட்டியைக் குடலோடு இணைத்துவிடலாம் என்ற ஆசை எழும். அது பெரும்பாலும் அடைத்துக்கொள்ளும். எனவே கட்டியும் தழும்பும் பித்தப்பையும் கல்லீரல் வாயில் வரை முழுவதும் அகற்றப்பட்டு, சிறுகுடலின் ஒரு துண்டு மேலே கொண்டுவரப்பட்டு வாயிலில் தைக்கப்பட்டது. ஜப்பானின் செண்டாய் நகரில் மொரியோ கசாய் 1950-களில் தொடங்கிவைத்த அறுவை இது. கல்லீரல் திசுவில் நாளங்கள் பெருகியிருந்தன, பித்தநீர் உறைந்த அடைப்புகள் இருந்தன. தழும்பு இன்னும் தொடக்க நிலையிலேயே இருந்தது.

சில குறிப்புகள்

அத்தை மகனைக் கட்டியதால் வந்தது என்ற பழி இரு வீட்டிலும் பேசப்பட்டது. பிலியரி அட்ரீசியா அவ்வாறு வழிவழியாக வரும் நோய் அல்ல. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில்கூடப் பெரும்பாலும் ஒருவருக்கு மட்டுமே வருகிறது. இதை இரண்டு முறை, கணவரின் தாயை எதிரில் உட்காரவைத்தே சொல்ல வேண்டியிருந்தது.

தைவானில் 2004 முதல் நாடு முழுவதும் மல நிற அட்டை தாய்மார்களுக்குக் கொடுக்கப்படுகிறது. ஜப்பானில் 2012 முதல் தாய்சேய் நலக் கையேட்டிலேயே அது அச்சாகிறது. கருவில் கட்டி தெரியாத பெரும்பான்மைக் குழந்தைகளுக்கு அந்த அட்டைதான் முதல் பரிசோதனை. கட்டி தெரிந்த சிறுபான்மைக்கும் அதுவே தேவைப்பட்டது என்பது இந்த நிகழ்வில் என்னை உறுத்துவது. எங்கள் வார்டில் இரண்டு மாற்றங்கள் செய்தோம். மொத்த பிலிருபின் கேட்கப்படும் ஒவ்வொரு பச்சிளங்குழந்தைக்கும் அதே மாதிரியில் நேரடி பிலிருபினும் பார்க்கப்படுகிறது. பிறப்புப் பதிவேட்டின் முதல் பக்கத்தில், கர்ப்பத்தில் பிரச்சினை உண்டா என்ற கேள்விக்குப் பதிலாக, எடுத்த ஸ்கேன்கள் எத்தனை, எங்கே, ஒவ்வொன்றின் தாளும் கையில் இருக்கிறதா, இல்லையென்றால் யாரிடம் இருக்கிறது என்று கேட்கிறோம். கைபேசிப் படம் போதும்.

தொடர் கவனிப்பு

அறுவைக்குப் பின் ஒன்பதாம் நாள் மலத்தில் பச்சை கலந்த மஞ்சள் வந்தது. தந்தை அன்று முதல் மூன்று மாதம் தவறாமல், பகல் வெளிச்சத்தில் எடுத்த மலத்தின் படத்தை நாள்தோறும் எனக்கு அனுப்பினார். என் கைபேசியில் குடும்பப் படங்களைவிட அவையே அதிகம். மூன்றாம் மாத முடிவில் மொத்த பிலிருபின் 1.4. ஏழாம் மாதத்தில் காய்ச்சலோடு மலம் ஒரே நாளில் வெளுத்தது. படத்தைப் பார்த்ததுமே வரச்சொல்லி, பித்தநாளத் தொற்று என்று 14 நாள் சிரைவழி மருந்து கொடுத்ததில் பழைய நிறம் திரும்பியது. இப்போது 11 மாதம், 7.9 கிலோ, கேழ்வரகுக் கூழ் சாப்பிடுகிறது, சுவரைப் பிடித்து நிற்கிறது. வைட்டமின்களும் பித்தநீர் ஓட்டத்துக்கு உதவும் உர்சோடியாக்சிகோலிக் அமிலமும் தொடர்கின்றன. மண்ணீரல் விலா ஓரத்துக்குக் கீழே 2 செ.மீ. தட்டுப்படுகிறது, அதற்காக மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுக்கிறோம். கடைசியாக வந்தபோது ஜவுளிக்கடைப் பையோடு வந்திருந்தார்கள். ஐந்தாம் மாத ஸ்கேன் தாள் முதல் எல்லாம் தேதி வரிசையில் அதில் இருந்தன.